கொஞ்சம் தள்ளி நில்லுங்க

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய மச்சான் யாராவது எனக்கு ஃபோன் போட்டு, "அவரு அப்படிப்பட்ட ஆளே இல்லைங்க" என்று ஆரம்பிப்பார். அப்படிப்பட்ட ஆள்தான். ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சனிக்கிழமை தோறும் அவருடைய காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

எல் பாசோ டெக்ஸஸின் மேற்குக் கோடியில் இருக்கிற பாலைவன ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோ, ஊர் நடுவில் ஒரு மொட்டை மலை, மற்றபடி திரும்பின பக்கமெல்லாம் மணலும் முட்புதரும். அங்கே ஜீன்ஸ் தைக்கிற ஒரு ஃபாக்டரியின் கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாவது வருஷத்துக்குத் தயார் பண்ணுவதற்காக டெக்ஸஸின் இன்னொரு கோடியில், ரிச்சர்ட்சனில் இருந்த எங்கள் கம்பெனி எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தது. அவர் என் சீனியர். குடும்பத்தை ரிச்சர்ட்சனிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மனைவி மலர் என்னோடு இருந்தாள். ஊரில் தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருக்குக் கோபி பக்கம். எனக்கும் அதே பக்கம்தான். தொல்லையே அதுதான்.

மனிதருக்கு ரயில் பைத்தியம். ஏறிப் போகிற பைத்தியம் என்றால்கூடப் பரவாயில்லை. இது சரக்கு ரயிலை நிற்க வைத்த மாதிரி படம் எடுக்கிற பைத்தியம். சாம்பல் உடம்பும் சிவப்பு மூக்குமாக ஒரு பழைய எஞ்சின் வகை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சளாவதற்குள் சிவப்பு மூக்கையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று அலைந்தார். எஞ்சின் கடந்த மறு விநாடி லென்ஸை மூடிவிடுவார். பின்னால் மைல் கணக்கில் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும். அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

நல்ல இடம் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்பதை மறுக்க முடியாது. பேப்பர் மேப்பை ஸ்டீயரிங் மேல் விரித்து வைத்துக்கொண்டு, தண்டவாளம் எங்கே வளைகிறது, சாயங்கால வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும், பின்னால் மலை வருமா, கரண்ட் கம்பி குறுக்கே போகுமா என்று எல்லாம் யோசித்துவிட்டுத்தான் வண்டியை மண்பாதையில் இறக்குவார். ரயில்காரர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கிற சின்ன ரேடியோ ஒன்று டேஷ்போர்டில் கரகரத்துக்கொண்டே இருக்கும். டிக்கியில் செடி வெட்டுகிற பெரிய கத்திரி. படத்துக்குக் குறுக்கே ஒரு முட்செடி நின்றால் இறங்கிப் போய் வெட்டிவிட்டு வருவார்.

"வெயில் மூக்குல விழுகோணுங்க. மூக்கு இருண்டு போச்சுன்னா படமே வேஸ்ட்டுங்க" என்பார்.

செடியை வெட்டுகிற மாதிரியே ஆட்களையும் வெட்டுவார். படத்தில் மலை இருக்கலாம், வானம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆள் இருக்கக் கூடாது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். நான் பத்தடி பின்னால் போனாலும், "நிழல் விழுகுதுங்க, இன்னும் கொஞ்சம் அக்கட்டால" என்பார். சனிக்கிழமை பூராவும் எனக்கு இதுதான் வேலை. காரில் கூடப் போவது, தள்ளி நிற்பது.

பின்னே ஏன் போனாய் என்று கேட்பீர்கள். எனக்குக் கார் இல்லை. ஓட்டவும் தெரியாது. அவர்தான் கற்றுக் கொடுத்தார், அந்த மண்பாதைகளில். அதற்கு நன்றி. அந்த நன்றிக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து, மலர் கல்லில் ஊற்ற ஊற்ற, தோசையாகத் தின்று தீர்த்தார். "தங்கச்சி, சட்னி இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். மலருக்கு அவர் மேல் பிரியம்கூட உண்டாகியிருந்தது.

அந்த வாக்கியத்தை அவர் எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. வெள்ளைக்காரர் யாராவது ட்ரைபாட் வைத்துக்கொண்டு நல்ல இடத்தில் நின்றால் "ஹலோ சார்" என்று இளித்துக்கொண்டு இவரே நகர்ந்து போய் நிற்பார். மெக்ஸிகோக்காரர்கள் என்றால் வாயைத் திறக்க மாட்டார். காக்காய் விரட்டுகிற மாதிரி கையை வீசுவார். எனக்கு 'ங்க' போட்டுச் சொல்வார். எங்கள் பக்கத்தில் இந்த 'ங்க' ஒரு பெரிய சமாச்சாரம். பச்சைக் குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். யாருக்குப் போடுவதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு 'ங்க' போட்டாரே தவிர, போடலாமா கூடாதா என்கிற சந்தேகம் அவருக்கு இருந்துகொண்டே இருந்தது. ஊர் பெயரைச் சொன்னேன், போதவில்லை.

"அந்த ஊர்ல எந்தப் பக்கமுங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன்.

இன்னொரு நாள், வெயிலுக்காகக் காத்திருக்கும்போது, "பஸ் ஸ்டாண்டுன்னா கோயிலுக்கு மேக்காலயா, கெழக்காலயா?" என்றார்.

"நடுவுலங்க."

"அட, சொல்லுங்க. உங்களுக்கு எந்தக் குலதெய்வமுங்க?"

"ட்ரெயின் வருது பாருங்க" என்றேன். நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ. ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடுகூட இல்லாத மணல்காட்டில் நின்றுகொண்டு, நான் எந்தத் தெருவில் பிறந்தேன் என்று இந்த மனிதன் தேடுகிறான். எரிச்சலாக வந்தது. பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்துக்காகத்தான் இன்றுவரை அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு தடவை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் மெக்ஸிகோ. எல்லைக் காவல் வண்டி ஒன்று வந்து நின்றது. அதிகாரி இறங்கி வந்து மரியாதையாகத்தான் பேசினார். முதலில் ஸ்பானிஷில் என்னவோ கேட்டார். இவர் விழித்தார். பிறகு இங்கிலீஷில் பேப்பர் கேட்டார். இருவரும் பாஸ்போர்ட்டைக் காட்டினோம். பார்த்துவிட்டு, "நல்ல படம் கிடைக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது ஒன்றுமே இல்லை. இவரோ பாஸ்போர்ட்டை உள்ளே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்மகிட்ட ஸ்பானிஷ்ல கேக்கறான் பாருங்க. என்னைப் பாத்தா அவங்க மாதிரியா இருக்குது?"

"எவங்க மாதிரி?"

"அதானுங்க... இந்த ஆளுங்க மாதிரி."

அன்று ரயில் வந்தது. வெயில் சரியாக மூக்கில் விழுந்தது. படம் எடுக்க மறந்து போனார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

ஊருக்குக் கிழக்கே ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்து, "இதுக்கு மேல ஒரு ஸ்பாட் இந்த ஜில்லாவுலயே இல்லைங்க" என்று குதித்தார். நகர எல்லைக்கு வெளியே, தார் ரோடு முடிந்து மண் தொடங்குகிற இடத்தில், தகரமும் பலகையும் சேர்த்துக் கட்டிய வீடுகள் கொஞ்சம். குழாய் கிடையாது. குடிதண்ணீர் லாரியில் வரும். அந்த வீடுகளின் பின்வேலியை ஒட்டித் தண்டவாளம் அழகாக வளைந்து போனது. பின்னால் நீல மலை. இடம் அழகுதான்.

ஆனால் அவர் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வேலிக்கு வந்து பார்த்தார். இவர் கொடியைக் காட்டி, கையை வீசி, எடு எடு என்றார். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார், இந்த ஆளுக்கு மூளை சரியாக இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. பிறகு ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டேன். அவருக்கு அது என்ன என்று தெரிந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

அந்த வருஷம் அப்பா வந்தார்.

அப்பா தாலுக்கா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு தடவை ஃபோனில் நான், "இங்க சரக்கு ரயில் ஒண்ணு போய் முடியறதுக்குள்ள காபி போட்டுக் குடிச்சுடலாம்பா" என்று சொல்லியிருந்தேன். அதை அவர் டீக்கடையில் போய்ச் சொல்ல, கூட்டாளிகள் சிரித்திருக்கிறார்கள். "உங்க பையன் ரீல் உடறான்யா" என்று ஒருவர் சொன்னது அப்பாவுக்குத் தைத்துவிட்டது. அமெரிக்காவில் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ரயிலுக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, "அட, அப்பாவுக்கு நான் எடுத்துத் தர்றனுங்க! பெரிய பிரின்ட்டா போட்டுத் தர்றன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கப்பா" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்து போயிற்று. "ரொம்ப சந்தோசம் தம்பி" என்றார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நானும் இருக்கட்டும் என்று மருந்துக் கடையில் விற்கிற தூக்கியெறியும் கேமரா ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பாக்கெட்டில் பேனா குத்திக்கொண்டு புறப்பட்டார். கிழக்கே அந்தத் தகர வீடுகள் இருந்த இடத்துக்குத்தான் போனோம். காரை விட்டு இறங்கியதும் அப்பா அந்த வீடுகளையே பார்த்தார். தண்ணீர் ட்ரம்முகள், கோழிகள், வேலியோரத்தில் அந்த அம்மா. "இங்கயும் இப்படி இருக்காங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

இவர் ட்ரைபாடைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். "இந்த மாதிரி இடத்துக்கு இவங்க என்ன பேரு வெச்சிருக்காங்க தெரியுங்களாப்பா? கொலோனியா! நம்மூர்க் காலனியேதானுங்க. அதே மாதிரி ஊருக்கு வெளிய, அதே மாதிரி ஆளுங்க. எந்த நாட்டுக்குப் போனாலும் இவங்க மட்டும் மாற மாட்டாங்க போலிருக்குது."

அப்பா அவரை நிதானமாகப் பார்த்தார். நான் ஒரு வருஷமாகப் பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்ததை, யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நாங்களும் காலனிதான் தம்பி."

அவருக்குச் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று. ட்ரைபாடின் ஒரு காலைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்புறம் அவர் என் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து ரேடியோ கரகரத்தது. தூரத்தில் ஹாரன் கேட்டது. சிவப்பு மூக்கு வளைவில் தெரிந்தது. அப்பா, நேரமாகிவிட்டது என்று நினைத்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, சொல்லி வைத்திருந்த இடத்தில் போய் நின்றார்.

"தள்ளி நில்லு" என்றார் அவர்.

'ங்க' இல்லை. 'அப்பா' இல்லை. கை காக்காயை விரட்டியது.

என் அப்பா நகர்ந்தார். அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. ஓரடி ஈரடி நகர்ந்திருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் கடகடவென்று பின்னால் நடந்து, நடந்து, அந்த வீட்டு வேலி முதுகில் இடிக்கிற வரைக்கும் போய் நின்றார். அந்தக் கால்களுக்கு எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. முப்பது வருஷம் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தும் அது அவருக்கு மறக்கவில்லை.

கிளிக், கிளிக், கிளிக். எஞ்சின் கடந்தது. லென்ஸை மூடினார்.

"எங்கப்பா போட்டோ?" என்றேன். குரல் கத்துகிற மாதிரிதான் வந்தது.

"லைட்டு போயிருச்சு. அடுத்த ட்ரெயினுக்குப் பாக்கலாம்" என்றார், பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே.

லைட் போகவில்லை. வெயில் எல்லார் மூஞ்சியிலும் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்து அவர் பக்கம் போய்விட்டேன். என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. கேமராவைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அப்போது பின்னாலிருந்து, "சென்யோர்" என்று ஒரு குரல் கேட்டது. ஸ்பானிஷில் 'ஐயா' என்று அர்த்தம்.

அந்த அம்மாதான். வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில், ரயிலுக்கு முதுகு காட்டுகிற மாதிரி போட்டார். "சென்யோர்" என்று மறுபடியும் சொல்லி உட்காரச் சொன்னார். முதுகு இடித்ததற்காக வேலியையும் இரண்டு தட்டு தட்டித் திட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். "உக்காருப்பா" என்றேன். என் கையிலிருந்த தூக்கியெறியும் கேமராவை அந்த அம்மா வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நில் என்று எனக்குச் சைகை காட்டினார். ரயில் இன்னும் போய்க்கொண்டேதான் இருந்தது, பெட்டி பெட்டியாக, முடிகிற வழியைக் காணோம். அப்பாவுக்கு வேண்டியது அதுதானே. எஞ்சின் யாருக்கு வேண்டும்?

அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ட்ரைபாடை மடித்துக்கொண்டிருந்தவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். என் அப்பா கால் மேல் கால் போட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த அம்மா கேமராவின் பொத்தானை அழுத்தினார். இன்னும் ஒரு தடவை அழுத்தினார். கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் அப்பா காலை இறக்கவில்லை.

திரும்பும்போது அவ்வளவு புழுதியிலும் அவர் காரின் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினார்.

மறுநாள் ஞாயிறு. மலர் மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு சாயங்காலம் ஆபீஸ் சாவியை வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றார். "அண்ணா, காபியாச்சும் குடிச்சுட்டுப் போங்க" என்றாள் மலர். "இப்பத்தான் குடிச்சேன்" என்றார். "தண்ணியாவது?" என்றதற்கு, "வேண்டாம்மா" என்று படியிறங்கிவிட்டார். அவள் உள்ளே வந்து தோசைக்கல்லைக் கழுவு கழுவென்று கழுவினாள். ஆபீசில், "ஃபைல அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் "ஃபைல அனுப்பிட்டியா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒரு வருஷமாகக் குலதெய்வம் வரைக்கும் தேடியவருக்கு ஒரு வழியாகப் பதில் கிடைத்துவிட்டது. நானும் பதிலுக்கு 'ங்க'வை நிறுத்திக்கொண்டு, "அனுப்பிட்டேன், பாரு" என்றேன். சீனியரிடம் அப்படிப் பேசலாமா என்று மேலே புகார் போயிற்று. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவர் எடுத்த படங்களில் நல்லதாகப் பொறுக்கி வருஷா வருஷம் காலண்டர் போட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பொங்கலுக்குக் கொடுப்பார். அடுத்த பொங்கலுக்கு எனக்கு வரவில்லை. ரிச்சர்ட்சனில் ஒரு நண்பர் வீட்டுச் சமையலறையில் பார்த்தேன். வளைவு, நீல மலை, சிவப்பு மூக்கு, மூக்கில் வெயில். ஆள் இல்லை, வீடு இல்லை, துணிக்கொடி இல்லை. "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றார் நண்பர். படத்தின் இடது ஓரத்துக்கு அந்தப் பக்கம் வேலியில் முதுகு இடிக்க என் அப்பா நின்றுகொண்டிருப்பது எனக்கு மட்டும் தெரிந்தது. "ஆமா, ரொம்ப அமைதி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த அம்மா எடுத்த படங்களில் ஒன்றில் பாதிக்கு மேல் அவருடைய கட்டைவிரல். இன்னொன்று கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நன்றாக வந்திருந்தது. நாற்காலி, கால் மேல் கால், பின்னால் முடிவே இல்லாத பெட்டிகள். வலது ஓரத்தில் மட்டும் கேமராப் பையோடு ஒரு தோளும் பாதி முகமும் தெரிந்தன. அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்தார். "பெரிசாப் போட்டு அனுப்புடா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிதாகப் போட்டேன். ஃப்ரேம் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் வலது ஓரத்தைக் கத்திரியால் வெட்டி எடுத்தேன். நேராக, நிதானமாக வெட்டினேன். ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

படம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அப்பா டீக்கடைக்குப் பக்கத்து பூத்திலிருந்து ஃபோன் பண்ணினார். டீக்கடையில் காட்டினாராம். ரீல் என்று சொன்ன ஆள் பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாராம். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். பேச்சுக்கு நடுவே, "ஏண்டா, ஓரத்துல அந்தத் தம்பி இருந்தாரே, இதுல காணமே?" என்றார்.

"கொஞ்சம் தள்ளி நிக்கறாருப்பா" என்றேன்.

டீக்கடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நிக்கட்டும்" என்றார்.